கேள்வி–பதில்: கட்சி வேறு, ராமாராவ் வேறு இல்லை

சென்ற இதழில் சினிமாக்காரர்கள் கட்சி தொடங்குவது பற்றிய ஒரு பதிலில், தெலுங்கு நடிகராக இருந்து ஆந்திர முதல்வரான என்.டி. ராமாராவ் (என்.டி.ஆர்.) பெயரை ஒரு வரியில் தொட்டுவிட்டு நகர்ந்திருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த வாரம் முழுக்க அவர்தான்.

எம்.ஜி.ஆரைப் பார்த்துத்தானே என்.டி.ஆரும் கட்சி ஆரம்பித்தார்? ஒன்பதே மாதத்தில் ஆட்சியைப் பிடித்தது சினிமா கவர்ச்சியால்தானே? (வாசகர், வேலூர்)

எம்.ஜி.ஆரைப் பார்த்து தைரியம் வந்திருக்கலாம். ஆனால் வழி வேறு. எம்.ஜி.ஆர். 1953-லேயே தி.மு.க.வில் சேர்ந்து, மேலவை, சட்டமன்றம், கட்சிப் பொருளாளர் பதவி என எல்லாவற்றையும் பார்த்துவிட்டு 1972-ல் தனிக்கட்சி கண்டவர். அதற்கப்புறமும் கோட்டைக்குள் நுழைய ஐந்து வருஷம் ஆனது. என்.டி.ஆருக்கோ வார்டு கவுன்சிலராக இருந்த அனுபவம்கூடக் கிடையாது. 1982 மார்ச் 29-ல் ஐதராபாத்தில் தெலுங்கு தேசம் என்று அறிவிக்கிறார், 1983 ஜனவரி 9-ல் லால் பகதூர் ஸ்டேடியத்தில் ஜனங்கள் முன்னால் முதல்வராகப் பதவியேற்கிறார். ஆந்திராவில் காங்கிரஸ் அல்லாத முதல் முதல்வர். 294 தொகுதிகளில் 200-க்கு மேல்!

கிருஷ்ணரும் ராமரும் ஓட்டு கேட்டு வந்தால் கூட்டம் கூடும்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதி வேலையை காங்கிரஸே முடித்து வைத்திருந்தது. 1978-ல் ஜெயித்த கட்சி ஐந்து வருஷத்துக்குள் நாலு முதல்வர்களைக் காட்டியது: சென்னா ரெட்டி, அஞ்சையா, பவனம் வெங்கட்ராம், விஜயபாஸ்கர ரெட்டி. யார் வருவது, யார் போவது எல்லாம் டில்லி முடிவு. 1982 பிப்ரவரியில் பேகம்பேட்டை விமான நிலையத்தில் மேளதாளத்தோடு வரவேற்கப் போன முதல்வர் அஞ்சையாவை ராஜீவ் காந்தி எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டார். ராஜீவ் அப்போது வெறும் எம்.பி. அந்த அவமானத்தைத்தான் என்.டி.ஆர். 'தெலுங்கர் தன்மானம்' என்று ஊர் ஊராக எடுத்துப் போனார். பழைய செவர்லே வண்டி ஒன்றை பிரசார வேனாக மாற்றி, சைதன்ய ரதம் என்று பெயர் வைத்து, மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட, காக்கி உடையில் மாநிலம் முழுக்கச் சுற்றினார். சாப்பாடு, தூக்கம் வண்டியில், குளியல் ரோட்டோரத்தில். கூடவே 'ஈநாடு' பத்திரிகை தினமும் அதைப் பக்கம் பக்கமாகப் போட்டது. டாக்டர், வக்கீல் என்று அரசியலுக்கே புதியவர்களாகப் பார்த்து டிக்கெட் கொடுத்தார். அவர்களுக்கெல்லாம் ஓட்டு வந்ததே அவர் முகத்துக்காகத்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சென்னையில் அவருக்கு வீடு இருந்ததா? (வாசகர், தாம்பரம்)

தி.நகர் பசுல்லா ரோட்டில் இருந்தது. தெலுங்கு சினிமா கோடம்பாக்கத்தில் இருந்தவரை அவரும் மெட்ராஸ்வாசிதான். திருப்பதிக்கு பஸ் பிடித்து வரும் ஆந்திர ஜனங்கள் பெருமாளைச் சேவித்துவிட்டு நேராக மெட்ராஸ் வந்து, விடிகாலையில் இந்த வீட்டு வாசலில் நிற்பார்கள். வேங்கடாசலபதியாகவும் நடித்தவராயிற்றே!

இரண்டு ரூபாய் அரிசியைத் தவிர ஆட்சியில் என்ன சாதித்தார்? (வாசகர், ஓசூர்)

கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி கொடுத்ததே சின்ன விஷயம் இல்லை, நம் ஊர் ரூபாய்க்கு ஒரு படி அரிசி திட்டம் என்ன பாடு பட்டது என்று பெரியவர்களுக்குத் தெரியும். ஆனால் என்னைக் கேட்டால் அவர் செய்ததில் பெரிசு அரிசி இல்லை, சொத்து. பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினார், 1985 செப்டம்பரிலிருந்து நடைமுறை. தமிழ்நாட்டில் கலைஞர் அதைச் செய்தது 1989-ல். நாடு முழுக்க வர 2005 ஆயிற்று.

இன்னொன்று, பரம்பரை பரம்பரையாகக் கிராமக் கணக்கைக் கையில் வைத்திருந்த கர்ணம், முன்சீப் பதவிகளை 1984-ல் ஒரே அடியாக ஒழித்தார். பெரிய தாலுகாக்களை உடைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்களாக்கியதால், சான்றிதழ் ஒன்றுக்காக நாள் முழுக்க பஸ்ஸில் போய்வந்த ஜனங்களுக்கு ஆபீஸ் பக்கத்து ஊருக்கே வந்தது. மேலவையைக் கலைத்ததும் 1985-ல்தான். அடுத்த வருஷமே எம்.ஜி.ஆரும் இங்கே அதைச் செய்தார். இந்த விஷயத்தில் யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்று வேலூர் வாசகர் யோசிக்கட்டும்.

எல்லாமே ஒரே அடிதான் அவருக்கு, யோசித்துப் பேசி மெல்ல நகர்த்துவது என்பதே கிடையாது. வந்த வேகத்தில் அரசு ஊழியர் ஓய்வு வயதை 58-லிருந்து 55 ஆக்கி, ஊழியர்கள் மொத்தத்தையும் பகைத்துக்கொண்டு, பிறகு பழையபடி 58-க்கே திரும்பினார். 1989 பிப்ரவரியில் பட்ஜெட் விவரம் வெளியே கசிந்துவிட்டது என்று அமைச்சர்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினார். மந்திரிசபை முழுக்க! அந்த வருஷத் தேர்தலில் கல்வகுர்த்தியில் அவரே தோற்றார், இந்துப்பூர்தான் காப்பாற்றியது. காங்கிரஸுக்கு எதிரான கூட்டணியான தேசிய முன்னணிக்குத் தலைவர் அவர், டில்லியில் வி.பி.சிங் ஆட்சி அமைந்தது, ஆனால் சொந்த மாநிலத்தில் கட்சிக்குக் கிடைத்தது 2 எம்.பி. சீட்.

எம்.எல்.ஏ.க்களை ரிசார்ட்டில் பூட்டி வைக்கும் கூவத்தூர் கலாசாரத்தை ஆரம்பித்து வைத்தவர் இவர்தானாமே? (வாசகர், செங்கல்பட்டு)

முதல் பெருமையை அவருக்குத் தர முடியாது. 1982-லேயே ஹரியானாவில் தேவிலால் இதைச் செய்தார். என்.டி.ஆர். கதையில் நியாயம் அவர் பக்கம் இருந்தது. அமெரிக்காவில் இதய ஆபரேஷன் முடித்துத் திரும்பிய கையோடு, 1984 ஆகஸ்ட் 16-ல் கவர்னர் ராம்லால் அவரை டிஸ்மிஸ் செய்து, கட்சியிலிருந்தே பிரிந்த நாதெண்டல பாஸ்கர ராவுக்குப் பதவிப்பிரமாணம் செய்து வைத்தார். பெரும்பான்மை எம்.எல்.ஏ.க்கள் தன்னோடு இருக்கிறார்கள் என்று காட்ட, தையல் ஆறாத உடம்போடு அவர்களைக் கூட்டிக்கொண்டு ராஜ்பவன் போனவரைக் கைது செய்தார்கள். எம்.எல்.ஏ.க்கள் விலை போகாமலிருக்க, ராமகிருஷ்ண ஹெக்டே ஆண்ட கர்நாடகத்துக்கு, நந்தி மலைப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். நாடே கொதித்தது. ராம்லால் போய் சங்கர் தயாள் சர்மா கவர்னராக வந்தார். சரியாக ஒரு மாதத்தில், செப்டம்பர் 16-ல், என்.டி.ஆர். மறுபடி முதல்வர். அந்த டிசம்பரில் இந்திரா அனுதாப அலையில் காங்கிரஸ் 400-ஐத் தாண்டியபோது ஆந்திராவில் தெலுங்கு தேசம் 30 எம்.பி.க்களை ஜெயித்து, லோக்சபாவில் பெரிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது.

மாமனாரை முதுகில் குத்தியவர் சந்திரபாபு நாயுடு. உங்கள் கருத்து? (வாசகர், திருத்தணி)

கருத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். சரி, என் பங்குக்கு. 1983 தேர்தலில் சந்திரகிரியில் காங்கிரஸ் சின்னத்தில் நின்று மாமனார் கட்சியிடமே தோற்றவர் நாயுடு. அப்புறம்தான் தெலுங்கு தேசத்துக்கு வந்தார். வந்தவர் மண்டலம், கிராமம் என்று இறங்கி யார் யார் ஆள் என்று கணக்கு வைத்துக்கொண்டார், தலைவருக்கு அதில் சுவாரஸ்யமே இல்லை. 1993-ல் லட்சுமி பார்வதியை என்.டி.ஆர். மணந்தார், 1994-ல் கட்சிக்கு மட்டும் 216 இடம், காங்கிரஸுக்கு 26. தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்புப் போராட்டத்தைக் கையிலெடுத்து, சொன்னபடி மதுவிலக்கும் கொண்டுவந்தார். அந்த ஆட்சி எட்டு மாதம்தான். கட்சி விஷயத்தில் லட்சுமி பார்வதியின் கை ஓங்குகிறது என்ற முணுமுணுப்பு வெடித்து, 1995 ஆகஸ்டில் பெரும்பாலான எம்.எல்.ஏ.க்கள் ஐதராபாத் வைஸ்ராய் ஓட்டலில் நாயுடுவோடு போய் உட்கார்ந்தார்கள். பேசிப் பார்க்கலாம் என்று ஓட்டல் வாசலுக்குப் போன என்.டி.ஆர். மேல் செருப்பு வந்து விழுந்தது. 1982-ல் ரதம் ஓட்டிய ஹரிகிருஷ்ணாவும் அந்தப் பக்கம்தான்.

செப்டம்பர் 1-ல் நாயுடு முதல்வர். தன்னை ஷாஜஹான் என்றும் மருமகனை ஔரங்கசீப் என்றும் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் 1996 ஜனவரி 18-ல் இறந்துபோனார்.

நாயுடு செய்தது துரோகம்தான். ஆனால் பதின்மூன்று வருஷத்தில் தன் முகத்தைத் தவிர கட்சிக்கென்று என்.டி.ஆர். எதையும் கட்டவில்லை. செயற்குழு, உள்கட்சித் தேர்தல், எதிர்த்துப் பேசும் ஒரு மூத்தவர் என ஏதாவது இருந்திருந்தால் லட்சுமி பார்வதி விவகாரம் கட்சி ஆபீஸிலேயே பேசித் தீர்ந்திருக்கும். 1984-ல் அவருக்காக வீதிக்கு வந்த ஜனங்கள் 1995-ல் வரவில்லை. அப்போது எதிரி டில்லி, இப்போது அது குடும்பச் சண்டை.

பூண்டிக்கு வரும் கிருஷ்ணா தண்ணீர் என்.டி.ஆர். கொடுத்தது என்கிறார் என் ஆந்திர நண்பர். உண்மையா? (வாசகர், ஊத்துக்கோட்டை)

ஓரளவு. ஆந்திரா, கர்நாடகம், மகாராஷ்டிரா மூன்றும் சென்னைக் குடிநீருக்காக ஆளுக்கு 5 டி.எம்.சி. கிருஷ்ணா தண்ணீர் தருவதென 1976-லேயே ஒப்புக்கொண்டன. அதை தெலுங்கு கங்கை திட்டமாக்கி, வழியில் ராயலசீமைக்கும் நெல்லூருக்கும் பாசனம் சேர்த்து, 1983 ஏப்ரலில் எம்.ஜி.ஆரோடு கையெழுத்துப் போட்டவர் என்.டி.ஆர். வழியில் 3 டி.எம்.சி. போனால் எல்லையில் நமக்கு 12. தண்ணீர் உங்கள் ஊர்ப் பக்கம் எல்லையைத் தொட்டது 1996 செப்டம்பரில், அப்போது கையெழுத்துப் போட்ட இரண்டு பேருமே இல்லை. அந்த 12 முழுசாக வருவது அபூர்வம். மீதி எப்போது வரும் என்று நண்பரிடம் கேட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.