யார்க்கில் ஒரு நாள்

அன்புள்ள ஐயா,

லீட்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். சனிக்கிழமை யார்க் நகருக்குப் போவதாகத் திட்டம். தேவாலயத்துக்கு ஒரு மணி நேரம், மீதி முழுவதும் கடைவீதி என்கிறாள் மகள். கட்டணம் கொடுத்து உள்ளே போக வேண்டுமா, வெளியிலிருந்து பார்த்தால் போதாதா என்கிறார் என் கணவர். தங்கள் யோசனை என்ன?

– வாசகி ஒருவர்

அன்புள்ள சகோதரிக்கு,

வெளியிலிருந்து பார்த்தால் போதாது. யார்க் மின்ஸ்டர் என்ற அந்தத் தேவாலயத்தின் உயிர் அதன் கண்ணாடிகளில் இருக்கிறது. தெருவில் நிற்பவருக்குக் கறுத்த தகடாகத் தெரியும் அதே சாளரம்தான், உள்ளே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு வண்ண ஓவியமாக விரிகிறது.

காலையிலேயே சென்று, முதலில் கிழக்குச் சாளரத்தின் முன் நில்லுங்கள். டென்னிஸ் ஆடுகளத்தின் அளவுள்ள அதை 1405இல் ஜான் தார்ன்டன் என்ற கலைஞரிடம் ஒப்படைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் முடிக்க வேண்டும், உருவங்களைத் தன் கையாலேயே வரைய வேண்டும் என்பது ஒப்பந்தம், மொத்த ஊதியம் 56 பவுண்டு. சொன்னபடி 1408இல் முடித்தார். உலகப் படைப்பில் தொடங்கி உலக முடிவு வரை செல்லும் அந்தக் கதையின் உச்சியில், ‘நானே அல்பாவும் ஓமெகாவும்’ (தொடக்கமும் முடிவும்) என்ற சொற்கள் எழுதிய ஏட்டைத் திறந்து வைத்தபடி இறைவன் அமர்ந்திருக்கிறார். வெறுங்கண்ணுக்கு அது எட்டாது. வீட்டில் தொலைநோக்கி இருந்தால் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். தெற்குப் பக்கத்து ரோஜாச் சாளரத்தையும் பாருங்கள். 1984 ஜூலையில் அந்தப் பகுதியின் கூரையே எரிந்து விழுந்தபோது கண்ணாடி ஆயிரக்கணக்கான இடங்களில் விரிசல் விட்டது. ஆயினும், கண்ணாடித் துண்டுகளைப் பிணைக்கும் ஈயச் சட்டங்களை அதற்கு முன்பே புதுப்பித்திருந்ததால், உதிராமல் நின்றது. இத்தனைக்கும் ஒரு மணி நேரம் எப்படிப் போதும்?

கடைவீதியை இதிலிருந்து பிரிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். தெற்கு வாசலிலிருந்து சற்று நடந்தால் வரும் ஸ்டோன்கேட் தெருவில்தான் அக்காலக் கண்ணாடி ஓவியர்கள் வாழ்ந்தார்கள். (இங்கே ‘கேட்’ என்றால் வாசல் அன்று, தெரு, வைக்கிங்குகள் விட்டுச் சென்ற சொல். கோட்டை வாசல்களுக்கு ‘பார்’ என்று பெயர்.) அங்கிருந்து ஷாம்பிள்ஸ் தெருவுக்குப் போகலாம். அது கசாப்புக்காரர்களின் தெருவாக இருந்தது. மேல்மாடிகள் இருபுறமும் தெருவை நோக்கிச் சாய்ந்து நிற்பதால் இறைச்சியின் மேல் வெயில் படாது. கடைகளின் நெற்றியில் இறைச்சி தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகளும், அதை விரித்து வைத்த அகலமான சன்னல் பலகைகளும் இன்றும் இருக்கின்றன. சனிக்கிழமைக் கூட்டத்தில் இவற்றைப் பார்க்க முடியாது. கடை அடைக்கும் நேரத்தில் போங்கள்.

வாங்குவதற்கு என்றால், சாக்லேட் வாங்குங்கள். ரவுன்ட்ரீ, டெர்ரி ஆகிய இரு நிறுவனங்களும் வளர்ந்த ஊர் இது. நம் பெட்டிக்கடைகளில் தொங்கும் கிட்கேட் 1935இல் இங்கேதான் பிறந்தது. அதைச் சுற்றுலாக் கடையில் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியதில்லை, சாதாரண மளிகைக் கடையே போதும்.

கணவரிடம் இதையும் சொல்லுங்கள்: மின்ஸ்டரில் நடக்கும் மாலைப் பாட்டு வழிபாட்டுக்குக் கட்டணம் கிடையாது, எந்தச் சமயத்தவரும் அமரலாம். நேரத்தைக் காலையிலேயே வாசலில் கேட்டு வைத்துக்கொண்டால், வாங்கிய பைகளோடு வந்து பாடகர் குழுவுக்கு அருகிலேயே இடம் பிடித்து உட்காரலாம்.

அன்புடன்.