ஐம்பது வயது நிறைவுக்கு ஒரு லீவர் ஆக்‌ஷன் ரைபிள்: எதை வாங்கலாம்?

1975இல் பிறந்தவர், அமெரிக்காவில் பல வருடமாக இருப்பவர், ஐம்பது நிறைவதன் நினைவாக ஒரு லீவர் ரைபிள் (அடியில் உள்ள நெம்புகோலை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கி) வேண்டும் என்கிறீர்கள். மனதில் மூன்று இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்: தங்க முலாம் போட்ட வின்செஸ்டர் 94 நினைவுப் பதிப்பு, பித்தளை நிறத்தில் மின்னும் புது ஹென்றி, 1964க்கு முந்தைய வின்செஸ்டர் 94. நான் நான்காவதாக ஒன்றைச் சொல்கிறேன். 1975இல் செய்த மார்லின் 336, மான் வேட்டைக்குப் பெயர்போன 30-30 தோட்டாவுக்கானது.

நினைவுப் பதிப்பை முதலில் தள்ளிவிடலாம். வின்செஸ்டர் கம்பெனி தன் நூற்றாண்டை ஒட்டி 1966இல் ஒன்றை வெளியிட்டது. அது நன்றாக விற்றதும் பஃபலோ பில், ஜான் வெய்ன் என்று பிரபலங்களின் பெயரில் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. அவற்றின் மதிப்பே சுடாமல், பெட்டி கலையாமல் இருப்பதில்தான். லீவரை நாலு முறை இழுத்தால் உலோகத்தில் தேய்மானக் கோடு விழும், விலையும் இறங்கும். ஆசைப்பட்டு வாங்கிய பொருளைத் தொடப் பயந்துகொண்டு வாழ்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ஹென்றி நல்ல ரைபிள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1860இல் பெஞ்சமின் டைலர் ஹென்றி காப்புரிமை வாங்கிய துப்பாக்கியின் வாரிசு என்று நினைத்து வாங்காதீர்கள். இன்றைய கம்பெனி 1996இல் புரூக்ளினில் தொடங்கியது, பெயர் மட்டும்தான் பழையது. பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுக்கொடுக்க, சின்னத் தோட்டாவான 22க்குச் செய்த ஹென்றியைவிடப் பொருத்தமானது குறைவு. அதைத் தனியாக, பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

வின்செஸ்டர் 94 எனக்கு மிகவும் பிடித்த துப்பாக்கி. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. 1895இல் 30-30 தோட்டாவோடு சேர்ந்தபின், புகையில்லா வெடிமருந்தை அமெரிக்க மான் வேட்டைக்காரர்களின் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான். எழுபது லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். ஆனால் செலவைக் குறைக்க 1964இல் தயாரிப்பு முறையை மாற்றினார்கள். கடைந்து எடுத்த பாகங்கள் இருந்த இடத்தில் தகட்டை அழுத்திச் செய்த பாகங்கள் வந்தன. நீங்கள் பிறந்த வருடம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுகிறது. 1950களில் செய்த 94 அருமையாக இருக்கும், ஆனால் அது வேறு ஒருவருடைய வருடம். உங்கள் வாழ்க்கையின் ஒரு நாளைக் குறிக்க வாங்குகிறீர்கள் என்றால் அந்த வருடம் அதில் பதிந்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

மார்லின் இந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிடுகிறது. 336 மாடல் 1948இல் வந்தது. எழுபதுகளில் கனெக்டிகட் மாநிலம் நார்த் ஹேவனில் செய்துகொண்டிருந்தார்கள், வால்நட் கட்டையும் வேலைப்பாடும் நன்றாக இருந்த காலம். வருடத்தைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டியதில்லை. அந்தக் காலத்து சீரியல் நம்பரின் முதல் இரண்டு இலக்கத்தை 100இலிருந்து கழித்தால் வருடம் வந்துவிடும். உங்களுக்கு வேண்டியது 25இல் தொடங்கும் எண். பழைய துப்பாக்கிக் கடையில் வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கும் 336களை ஒவ்வொன்றாகத் திருப்பி அந்த 25ஐத் தேடுவது தனி இன்பம். குடியுரிமை உறுதிமொழி எடுத்த வருடம் நான் அப்படித் தேடித்தான் என் வருடத்து மார்லினை வாங்கினேன். கடைக்காரர் எதற்கு எண்ணையே பார்க்கிறாய் என்று கேட்டார். காரணத்தைச் சொன்னதும் உள்ளே போய் இன்னும் இரண்டை எடுத்துவந்து காட்டினார்.

கையில் எடுத்ததும் முதலில் லீவரைத் திறந்து தோட்டா இல்லை என்று உறுதி செய்யுங்கள். ரிசீவருக்கு (லீவரும் போல்ட்டும் அமர்ந்திருக்கும் நடு உடல்) அருகில், குழலில் ஜேஎம் (ஜான் மார்லின்) முத்திரை இருக்க வேண்டும். திருகாணித் தலைகளைப் பாருங்கள். பிளவு சிதைந்திருந்தால் தெரியாதவர் யாரோ கழற்றியிருக்கிறார். பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் பாலிஷ் போட்டு மறுபடி கறுப்பேற்றியிருக்கிறார்கள், அதை விட்டுவிடுங்கள். கட்டையில் கீறல் இருந்தால் கவலைப்படாதீர்கள், யாரோ காட்டுக்குத் தூக்கிப்போயிருக்கிறார் என்றுதான் அர்த்தம். லீவரின் ஒரே திருகாணியைக் கழற்றினால், குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் பின்னால் வெளியே வந்துவிடும். குழலைப் பின்பக்கமிருந்தே சுத்தம் செய்யலாம், 94இல் அந்த வசதி கிடையாது. ஐம்பதுக்கு மேல் கண் மங்கும்போது, வெற்றுத் தோட்டா பக்கவாட்டில் வெளியேறும் 336இல் டெலஸ்கோப்பும் தாராளமாக மாட்டலாம்.

தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் கூர்முனைக் குண்டு கூடாது. பின்னால் இருப்பதன் முனை முன்னால் இருப்பதன் பிரைமரில் (அடித்தால் தீப்பற்றும் அடிப்பகுதி) முட்டிக்கொண்டு நிற்கும், அதிர்ந்தால் வெடித்துவிடலாம். தட்டை முனையோ, லீவர் ரைபிளுக்கென்றே வரும் மென்முனையோ வாங்குங்கள். 1975இல் செய்ததில் பொத்தான் சேஃப்டி இருக்காது, ஹேமரை (பின்னால் உள்ள சுத்தியல்) அரைவாசியில் நிறுத்துவதுதான் பாதுகாப்பு. தோட்டா இல்லாமல் அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

உங்கள் விசா நிலையை எழுதவில்லை. எச்-1பி வேலை விசா போன்ற தற்காலிக விசாவில் இருந்தால், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் அந்தத் தடை இல்லை. கடையில் 4473 படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். அதற்கு மேல் உங்கள் மாநிலச் சட்டத்தையும் பாருங்கள்.

தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், ஈரம் பிடித்துத் துரு ஏறும். எண்ணெய் தடவிப் பூட்டிய பெட்டியில் வையுங்கள். பெயர் பொறிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரும்பில் வேண்டாம். ஏன் வாங்கினேன், யாருக்காக வைத்திருக்கிறேன் என்று தமிழில் ஒரு கடிதம் எழுதி ரசீதோடு வையுங்கள். மகளுக்குத்தான் போகவேண்டும் என்றால் அவர் பெயரை அதில் எழுதுங்கள். உங்கள் காலத்திலேயே கொடுப்பதாக இருந்து, அவர் வேறு மாநிலத்தில் இருந்தால், நேராகக் கையில் கொடுக்க முடியாது. அவர் ஊரில் உள்ள உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் மாற்ற வேண்டும்.