மாதம் 129 டொலரில் புது ஃபர்னஸ்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கனடாவில், டொரொண்டோவின் ஸ்காபரோவில் 1980களில் கட்டிய தனிவீடு. வீட்டைச் சூடேற்றும் கேஸ் ஃபர்னஸுக்கு 20 வயது, ஏசிக்கும் கிட்டத்தட்ட அதே வயது. வருடத்துக்கு 2,600 கனமீட்டர் கேஸ் ஓடுகிறது. போன வாரம் ஒருவர் வீட்டுக்கே வந்து, முன்பணம் இல்லாமல் 96 சதவீதத் திறனுள்ள புது ஃபர்னஸ் போட்டுத் தருவதாகச் சொன்னார். 10 வருடத்துக்கு மாதம் 129 டொலர் வாடகை, கேஸ் பில் பாதியாகிவிடும் என்றார். அம்மாவுக்கு ஆஸ்துமா இருக்கிறது. கேஸ் ஹீட்டிங்தான் வீட்டுக் காற்றைக் கெடுக்கிறது என்றும் அவர் சொன்னதால் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் கூப்பிடாமல் ஒருவர் கதவைத் தட்டி ஃபர்னஸ், ஏசி, வாட்டர் ஹீட்டர் விற்பதை ஒன்ராறியோ அரசு 2018 மார்ச் 1 முதல் தடை செய்திருக்கிறது. அப்படிப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. இது தெரியாமல் இன்றும் நம் ஆட்கள், குறிப்பாகப் பகலில் தனியாக வீட்டில் இருக்கும் பெரியவர்கள், மாட்டிக்கொள்கிறார்கள். அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

இனி கணக்கு. 129 டொலர் என்றால் சின்னத் தொகைபோலத் தெரியும். 10 வருடத்துக்கு அது 15,480 டொலர். இந்த மாதிரி ஒப்பந்தங்களில் வாடகை வருடாவருடம் ஏறும் என்று ஒரு வரி பெரும்பாலும் ஒளிந்திருக்கும். 3.5 சதவீதம் ஏறினாலே மொத்தம் 18,160ஐத் தொடும். வரி தனி. உங்கள் வீட்டு அளவுக்கு ஒரு ஃபர்னஸ், பொருத்தும் கூலியோடு 6,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். அதை வங்கியில் 9 சதவீத வட்டிக்கு 5 வருடக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 125 டொலர். ஏறக்குறைய அதே மாதச் செலவு, பாதிக் காலத்தில் முடிந்துவிடும், பெட்டியும் உங்களுக்கே சொந்தம். வீட்டின் மேல் கடன் வசதி இருந்தால் வட்டி இன்னும் குறையும்.

கேஸ் பில் பாதியாகும் என்பதும் நடக்காது. பழைய ஃபர்னஸிலிருந்து உலோகக் குழாய் புகைபோக்கிக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால் அது 80 சதவீத வகை. 80லிருந்து 96க்குப் போனால் மிஞ்சுவது ஆறில் ஒரு பங்குதான். அதுவும் சூடேற்றும் கேஸில் மட்டும். உங்கள் ஜூலை பில்லை எடுங்கள். அதில் இருப்பது வெந்நீருக்கும் சமையலுக்கும் ஓடிய கேஸ். அது 40 கனமீட்டர் என்றால் வருடத்துக்கு 480. மீதி 2,120இல் ஆறில் ஒன்று, சுமார் 350 கனமீட்டர். எல்லாம் சேர்த்துக் கனமீட்டருக்கு 40 சதம் என்று போட்டால் வருடத்துக்கு 140 டொலர் மிச்சம். அதற்காக வருடம் 1,548 டொலர் வாடகை கட்டச் சொல்கிறார். 2025 ஏப்ரலில், கேஸ் எரிப்பதற்காக அரசு வாங்கிவந்த கார்பன் கட்டணமும் போய்விட்டதால் இந்த மிச்சம் முன்னைவிடக் குறைந்துதான் இருக்கிறது. 96 சதவீதம் என்பதிலும் பெரிய சிறப்பு இல்லை. 2019 ஜூலை முதல் கனடாவில் வீட்டுக் கேஸ் ஃபர்னஸுக்குக் குறைந்தபட்சமே 95 சதவீதம்தான்.

சரி, பழையதை மாற்றவே வேண்டாமா? ஜனவரிக் குளிரில் நின்றுபோய், அவசரத்தில் கிடைத்த விலைக்கு வாங்குவதைவிட இந்தக் கோடையில் மூன்று இடத்தில் விலை கேட்டு மாற்றுவது நல்லது. அதற்கு முன் பரணில் ஏறிப் பாருங்கள். அந்தக் காலத்து வீடுகளில் அங்கே காப்பு அடுக்கு மெலிதாக இருக்கும். இடுக்குகளை அடைத்துவிட்டு அதை R-60 அளவுக்கு (R என்பது காப்பு சூட்டை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) உயர்த்தினால் வீட்டுக்கு வேண்டிய சூடே குறையும், சின்ன ஃபர்னஸே போதுமானதாகலாம். வீட்டு எரிசக்திச் செலவைக் குறைக்கும் வேலைகளுக்கான மானியத் திட்டத்தில் இந்த வேலைக்கு என்ன கிடைக்கும் என்பதை வேலையைத் தொடங்கும் முன் கேளுங்கள், பிறகு அல்ல.

ஏசியும் வயதானது என்பதால் இன்னொரு வழி உண்டு. புது ஏசிக்குப் பதில், கோடையில் குளிர்வித்து, குளிர்காலத்தில் வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப் போட்டு, கேஸ் ஃபர்னஸைக் கடுங்குளிருக்கு மட்டும் வைத்துக்கொள்வது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மிதமான குளிரில் மூன்று யூனிட் அளவுக்குச் சூடு தரும். ஆனால் இன்றைய கேஸ் விலையில் பில் பெரிதாகக் குறையாது. ஏசி வாங்க எப்படியும் செலவாகும் பணத்துக்கு மேல் எவ்வளவு கூடுதல் என்று மட்டும் பாருங்கள். மானியம் போக 2,000 டொலருக்குள் என்றால் நான் ஹீட் பம்ப்பையே எடுப்பேன்.

அம்மாவின் மூச்சு விஷயத்தில் அந்த விற்பனையாளர் சொன்னது பாதி தவறு. ஒழுங்காக ஓடும் ஃபர்னஸின் புகை வீட்டுக்குள் வராது. வருவது விரிசல் விட்ட ஃபர்னஸிலும் அடைபட்ட குழாயிலும்தான். 2008இல் ஒன்ராறியோவின் வுட்ஸ்டாக்கில் கேஸ் கணப்பின் புகைவழி அடைத்து ஒரு குடும்பமே கார்பன் மோனாக்சைடில் இறந்தது. ஒன்ராறியோ வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயமானதற்கு அந்தக் குடும்பத்தின் உறவினர் நடத்திய போராட்டமே காரணம். படுக்கையறைகளுக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு மாடியிலும் ஒன்று வையுங்கள்.

இன்னொன்று, விலை சொல்பவர்கள் பலர் விட்டுவிடுவது. உங்கள் வாட்டர் ஹீட்டரும் அதே புகைபோக்கியில் இருந்தால், புது ஃபர்னஸின் புகை தனிக் குழாய்க்குப் போன பிறகு அந்தப் பெரிய புகைபோக்கி வாட்டர் ஹீட்டருக்கு மட்டும் மிஞ்சும். சூடு போதாமல் புகை உள்ளே திரும்பக்கூடும். புகைபோக்கிக்குள் புதுக் குழாய் விடவேண்டும், இல்லையென்றால் ஹீட்டரை மாற்றவேண்டும். அந்தச் செலவும் விலைப்பட்டியலில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வேலை செய்பவரிடம் கேஸ் வேலைக்கான டி.எஸ்.எஸ்.ஏ. (ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) பதிவு இருக்கவேண்டும்.

அம்மாவுக்கு உண்மையில் அதிகம் உறுத்துவது சமையல் அடுப்பாக இருக்கலாம். கேஸ் அடுப்பின் நைட்ரஜன் டை ஆக்சைடு வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே நிற்கும், ஆஸ்துமாவைக் கிளறும். தாளிக்கும் புகையும் அதோடு சேரும். அடுப்புக்கு மேலுள்ள விசிறி காற்றைச் சுவர் வழியே வெளியே தள்ளுகிறதா, இல்லை திரும்ப முகத்திலேயே விடுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வெளியே குழாய் போட சில நூறு டொலர்தான் ஆகும். ஃபர்னஸுக்கு முன்னாடி அதைச் செய்துவிடுங்கள், அதுவரை பின்வரிசை அடுப்பில் சமைக்கச் சொல்லுங்கள்.