இணையதளத்தைப் புதுசாக்கினோம், பயனர்கள் திட்டுகிறார்கள். என்ன பதில் சொல்வது?

மூன்று மாத உழைப்பு, ஒருவர்கூட நல்ல வார்த்தை சொல்லவில்லை, 'பழசையே கொடு' என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களே உட்கார்ந்து செய்த தளமாக இருக்கும்; இல்லாவிட்டால் இவ்வளவு வலிக்காது.

'கொஞ்ச நாளில் பழகிவிடும்' என்று மட்டும் பதில் போடாதீர்கள். நான் போட்டேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு மொத்தக் கடைக்கு ஆர்டர் எடுக்கும் தளம் செய்து கொடுத்திருந்தேன். வாங்குபவர்கள் வெளியூர் நகைக்கடைக்காரர்கள். பழைய பக்கம் வெறும் அட்டவணை: டிசைன் நம்பர், ஜோடி எடை, டச் (வெள்ளியின் தூய்மை), கூலி, எத்தனை ஜோடி என்று போட ஒரு கட்டம். அதை எடுத்துவிட்டுப் பெரிய பெரிய படங்களாக வைத்தேன். படத்தைத் தொட்டால்தான் எடை தெரியும். அதையும் தீபாவளிக்கு ஐந்து வாரம் முன்னால் வெளியிட்டேன்.

குரல் செய்திகள் குவிந்தன. "கலர் கண்ணைக் குத்துது", "எழுத்தே தெரியலை". எல்லோருக்கும் ஒரே பதிலை நகலெடுத்து அனுப்பினேன். அப்புறம் ஆத்தூர் கடைக்காரர் ஒருவர், பல வருட வாடிக்கை, தளத்தை விட்டுவிட்டு ஆர்டரைத் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்ப ஆரம்பித்தார். அன்றைக்கே பஸ் ஏறினேன்.

"எப்பவும் போல ஆர்டர் போடுங்கண்ணே, நான் குறுக்கே பேசலை" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்பெல்லாம் எடையை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்து, 60 கிராமுக்குள் இருப்பதை மட்டும் எடுப்பாராம். அவர் கடைக்கு வருகிறவர்களுக்குக் கட்டுப்படியாவது அதுதான். இப்போது ஒவ்வொரு படமாகத் திறந்து, எடை பார்த்து, திரும்பி வந்து, நாலாவது படத்தில் போனை மேசையில் வைத்துவிட்டார். "கலர் நல்லாத்தான் இருக்கு தம்பி. எடையைத் தேடறதுக்குள்ள கடைக்கு வந்தவங்க எழுந்து போயிடறாங்க." கலரைத் திட்டிக் குரல் செய்தி அனுப்பியவரும் இவர்தான்.

அதற்குப் பிறகு புகார் வந்தால் நான் முதலில் கேட்பது, "எந்த வேலையைச் செய்யும்போது நின்றுபோனது?" என்பதைத்தான். பதிலையும் மாற்றினேன்: 'நீங்கள் சொன்னது சரி. எடை வெள்ளிக்கிழமைக்குள் முதல் பக்கத்துக்கே வந்துவிடும். நிறம் இப்படியேதான் இருக்கும்.' எது மாறும், எப்போது மாறும், எது மாறாது. மாறாது என்று சொன்னதற்கு யாரும் கோபப்படவில்லை.

'கத்துகிறவர்களுக்கெல்லாம் பணிந்தால் எதுவுமே மாற்ற முடியாது' என்று சிலர் இங்கே எழுத வருவீர்கள். பணியச் சொல்லவில்லை. 2006-இல் நண்பர்கள் செய்வதையெல்லாம் ஒரே பக்கத்தில் காட்டும் 'நியூஸ் ஃபீட்' வசதியை பேஸ்புக் கொண்டுவந்தபோது லட்சக்கணக்கானோர் எதிர்த்தார்கள். அதை எடுக்கவில்லை, ஆனால் எது அடுத்தவர் பார்வைக்குப் போகும் என்று கட்டுப்படுத்தும் வசதியைச் சில நாட்களிலேயே கொடுத்தார்கள். 2010-இல் செய்தி இணைப்புகளைப் பகிரும் 'டிக்' தளம் புது வடிவத்துக்கு மாறியபோது வாசகர்கள் கொத்தாக ரெடிட் என்ற போட்டித் தளத்துக்குப் போனதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். நம் ஊரில் தளம் வடிவமைப்பவர்கள் ஆங்கில எழுத்தை வைத்தே எல்லா அளவையும் முடிவு செய்கிறார்கள். வரி இடைவெளி போதாமல் 'கீ'யின் சுழி வெட்டுப்படுகிறது, 'பூ'வின் அடிப்பகுதி கீழ்வரியில் முட்டுகிறது. ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பொத்தானில் தமிழ்ச் சொல் பாதியில் நிற்கிறது. நானும் அதைத்தான் செய்திருந்தேன். போதாக்குறைக்கு வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வேறுபாடு வேண்டும் என்று வலை அணுகல் வழிகாட்டியே சொல்கிறது. நான் வைத்தது அதில் பாதிகூட இல்லை.

எழுத்து தெரியவில்லை என்றவர்களில் அநேகமாக எல்லோரும் தமிழில் பார்த்தவர்கள். அவர்களுக்குக் கடையிலிருந்து யாரோ 'கண்ணாடி போட்டுப் பாருங்கள்' என்று பதில் அனுப்பியிருந்தார்கள். எழுத்தைச் சரிசெய்த அன்று, அந்தப் பதில் போன ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.