கருப்பையின் உட்படலம் வளரவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

கேள்வி: எனக்கு 33 வயது. கரு கலைந்ததால் இரண்டு முறை டி அண்ட் சி (கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்யப்பட்டது. இப்போது ஐவிஎஃப் சிகிச்சையில், லைனிங் (உட்படலம்) 6 மி.மீ.க்கு மேல் வளரவில்லை என்று, உறைய வைத்த கருவை உள்ளே வைப்பதைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். மாதுளை, பீட்ரூட் சாறு குடித்தால் வளருமா? பிஆர்பி (நம் ரத்தத்திலிருந்தே பிரித்த, தட்டணுக்கள் செறிந்த திரவத்தைக் கருப்பைக்குள் செலுத்துவது) செய்துகொள்ளலாமா?

பதில்: உட்படலம் 7 மி.மீ.யை எட்டி, ஸ்கேனில் மூன்று கோடுகளாகத் தெரிந்தால் கருவை வைக்க ஏற்றது எனப் பொதுவாகக் கொள்கிறோம். அதற்குக் குறைவான அளவிலும் குழந்தை பெற்றவர்கள் உண்டு, வாய்ப்புதான் குறைகிறது.

உங்கள் கடிதத்தில் என் கவனத்தை ஈர்ப்பது அந்த இரண்டு டி அண்ட் சி. உட்படலம் மாதந்தோறும் புதிதாக வளர்வது அதன் அடி அடுக்கிலிருந்துதான்; சுரண்டும்போது அது சேதமடைந்து கருப்பைச் சுவர்கள் ஒட்டிக்கொண்டிருந்தால், படலத்தை வளர்க்கும் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை எவ்வளவு கூட்டினாலும் அந்த இடத்தில் படலம் எழும்பாது. முன்பு நான்கு நாட்கள் இருந்த மாதவிலக்கு, அதன் பிறகு ஒரு நாள் திட்டுத்திட்டாகப் பட்டு நின்றுவிடுகிறதா என்று யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால், கருப்பைக்குள் சிறு கேமராவைச் செலுத்திப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பி அவசியம். ஒட்டுதல் இருந்தால் அப்போதே நீக்கிவிடலாம். அத்துடன் சிறிது திசுவை எடுத்து, காசநோயும் நாட்பட்ட அழற்சியும் உள்ளனவா என்று பார்க்கலாம். இருமல், காய்ச்சல் எதுவுமின்றிக் கருப்பையைக் காசநோய் தாக்குவது நம் நாட்டில் அரிதன்று.

இவையெல்லாம் இல்லையென்று தெரிந்தபின், ஈஸ்ட்ரோஜனைக் கூடுதல் நாட்கள் தரலாம், பிறப்புறுப்பு வழியாகவோ ஜெல்லாகவோ மாற்றலாம், மாதவிலக்கு சீராக இருந்தால் ஈஸ்ட்ரோஜன் தராமல் உடலின் இயற்கைச் சுழற்சியிலேயே முயலலாம். ரத்தம் உறையும் அபாயம் இருப்பதால் நீங்களாக மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள்.

பிஆர்பியால் படலம் சற்றுத் தடிப்பதாகச் சிறிய ஆய்வுகள் சொன்னாலும், குழந்தைப்பேறு கூடுகிறது என்பதற்கு உறுதியான சான்று இன்னும் போதவில்லை. உட்படலத்தை லேசாகக் கீறிவிடும் முறையும் ஒரு காலத்தில் இப்படித்தான் பரவியது. 1,364 பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், கீறியவர்களுக்கும் கீறாதவர்களுக்கும் குழந்தைப்பேறு ஒரே அளவில், 26.1 சதவீதமாகவே இருந்தது. காரணத்தைத் தேடாமல் பிஆர்பிக்குப் பணம் கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மாதுளையும் பீட்ரூட்டும் நல்ல உணவுகள். படலத்தை வளர்க்கும் மருந்துகள் அல்ல. சர்க்கரை நோய் இருந்தால் சாறாகக் குடிக்காமல் பழமாகவே சாப்பிடுங்கள்.

இந்தப் பரிசோதனைகளுக்குச் சில மாதங்கள் ஆகலாம். உறைநிலையில் உள்ள கருவுக்கு வயது ஏறுவதில்லை என்பதால், அந்தத் தாமதத்தால் அதன் தரம் குறைந்துவிடாது.