பஸ் ஸ்டாண்டில் ஓசோன் குறைவு, கானாடுகாத்தானில் அதிகம்: சென்சார் கோளாறா?

கோளாறு இல்லைங்க, அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். மதியம் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் 12 பிபிபி (நூறு கோடிப் பங்கு காற்றில் 12 பங்கு ஓசோன்), பக்கத்து ஊரான கானாடுகாத்தான் மொட்டைமாடியில் 45 என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படித்தான் வரும்.

டீசல் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளில் பெரும்பங்கு நைட்ரிக் ஆக்சைடு. அது அங்கேயே ஓசோனைத் தின்று நைட்ரஜன் டை ஆக்சைடாகிறது. காற்றோடு நகரும்போது வெயில் அதை உடைக்கிறது (சுமார் 420 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீள ஒளி மட்டும்). கழன்ற ஆக்சிஜன் அணு, ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்தால் ஓசோன். இதோடு நின்றால் வரவும் செலவும் நேராகிவிடும். ஆனால் பெட்ரோல் ஆவியும் மரங்கள் விடும் ஐசோப்ரீனும் சிதைந்து உண்டாகும் பெராக்ஸி ரேடிக்கல்கள் (எதோடும் சட்டென்று வினைபுரியும் துணுக்குகள்), ஓசோனைச் செலவழிக்காமலே நைட்ரிக் ஆக்சைடை மறுபடி டை ஆக்சைடாக்குகின்றன. மிச்சம் விழுவது அதனால்தான்.

உங்கள் மின்வேதி சென்சார் நைட்ரஜன் டை ஆக்சைடையும் ஓசோனாகக் காட்டும். அதற்கென்று தனி சென்சார் பக்கத்தில் வைத்துக் கழியுங்கள். பஸ் ஸ்டாண்டின் 12 இன்னும் இறங்கும். காற்றிழுக்கும் குழாய் டெஃப்ளானாக இருக்கட்டும், ரப்பர் ஓசோனைக் குடித்துவிடும். வளவுக்குள் (வீட்டின் உள்முற்றம்) மாட்டவே வேண்டாம், சுவரும் தூணுமே பாதியைத் தின்னும்.

இந்திய வரம்பு 8 மணி நேரச் சராசரிக்குக் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், அதாவது சுமார் 51 பிபிபி. மதிய உச்சத்தை இதோடு ஒப்பிடாதீர்கள். 1 மணி நேரத்துக்கு வரம்பு கன மீட்டருக்கு 180 மைக்ரோகிராம்.