எல்லாவற்றுக்கும் லாக் போட்டால் போதுமா?

கேள்வி: நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல வேலைகளில் ஒவ்வொன்றும் ஒரு த்ரெட். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு லாக். புரோகிராமின் ஒரு துண்டு ஃபங்ஷன். எங்கள் குழுவில் த்ரெட் சிக்கல் எது வந்தாலும் சிரிப்புதான். "டொக் டொக்." "ரேஸ் கண்டிஷன்." "யாரது?" இது பழைய ஜோக். "எல்லா ஃபங்ஷனுக்கும் லாக் போட்டுவிடு, த்ரெட் சேஃப் ஆகிவிடும்", "லட்சத்தில் ஒரு தடவைதானே, ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம்" இவை தினசரி ஜோக்குகள். போன வாரம் அப்படிச் சொல்லியே ஒரு பக்கை, அதாவது பிழைப் புகாரை, மூடினோம். புதிதாக வந்த ஒருவர் மட்டும் முகம் சுளிக்கிறார். ஜோக்கை ரசிக்கத் தெரியாதவரோடு எப்படி வேலை செய்வது?

பதில்: முதல் ஜோக்கை அவரும் ரசித்திருப்பார். கேள்விக்கு முன்னால் பதில் வந்து நிற்கிறதே, ரேஸ் கண்டிஷனை, அதாவது எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விடை தப்பாகிவிடும் பிழையை, அதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது. மற்ற இரண்டும் அந்த ரகம் இல்லை. அவற்றைச் சிரித்துக்கொண்டே சொல்லி, நிஜமாகவே செய்துவிடுகிறீர்கள். பக்கை மூடிவிட்டோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

டிக்கெட் பதிவு செய்யும் ஒரு புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். இடம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஃபங்ஷன், இடத்தைக் குறைத்துப் பதிய இன்னொன்று. இரண்டுக்கும் லாக் போட்டாயிற்று. மிச்சம் ஒரே ஒரு இடம். முதல் த்ரெட் லாக்கை எடுத்து, இடம் இருப்பதைப் பார்த்து, லாக்கை விடுகிறது. அது பதியப் போவதற்குள் இரண்டாவது த்ரெட் நுழைகிறது. அதற்கும் "இருக்கிறது" என்றே பதில். அப்புறம் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒழுங்காக லாக் எடுத்து, அதே இடத்தைப் பதிகின்றன. மிச்ச இடம் மைனஸ் ஒன்று. எந்த ஃபங்ஷனைத் தனியாகப் படித்தாலும் தப்பு தெரியாது. தப்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அங்கே லாக் இல்லை. பார்ப்பதும் பதிவதும் ஒரே லாக்குக்குள் நடந்திருக்கவேண்டும். எந்தெந்தத் தகவல் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கவேண்டும் என்பதை முதலில் எழுதிவையுங்கள். லாக் அதைச் சுற்றி வரட்டும்.

இஷ்டத்துக்கு லாக்குகளைப் பெருக்கினால் டெட்லாக் வரும். ஒரு த்ரெட் 'அ' லாக்கைப் பிடித்துக்கொண்டு 'ஆ'வுக்குக் காத்திருக்கும், மற்றது 'ஆ'வைப் பிடித்துக்கொண்டு 'அ'வுக்கு. இரண்டும் நகராது. எல்லா இடத்திலும் ஒரே வரிசையில் லாக் எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. சரி, மொத்தத்துக்கும் ஒரே லாக் போட்டால் என்ன? ஒன்று ஓடும்போது மற்றதெல்லாம் காத்துக்கிடக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் 1996-இல் அப்படி ஒன்றைப் போட்டார்கள். அதை முழுசாக எடுத்து முடிக்க 2011 ஆயிற்று.

'லட்சத்தில் ஒரு தடவை' என்பதற்கு வருகிறேன். இதைச் சிரிப்பாக என்னால் எடுத்துக்கொள்ளவே முடியவில்லை. தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. உயிர்கள் போயின. 1986-இல் டெக்சாஸில் நடந்த இரண்டு விபத்துகளுக்குக் காரணம் ரேஸ் கண்டிஷன். இயக்குபவர் சிகிச்சை வகையில் எலெக்ட்ரான் என்பதற்குப் பதிலாக எக்ஸ்ரே என்று தட்டிவிட்டு, உடனே திரையில் மேலே போய்த் திருத்துகிறார். காந்தங்களைச் சரிசெய்ய இயந்திரத்துக்கு எட்டு விநாடி பிடிக்கும். அதற்குள் திருத்தி முடித்துவிட்டால் மென்பொருள் அந்தத் திருத்தத்தைக் கவனிக்காது. மெதுவாகத் தட்டினால் ஒன்றும் ஆகாது. பழகிப் பழகிக் கை வேகம் கூடியவரிடம்தான் பிழை வெளிப்பட்டது. இயந்திரம் 'மால்ஃபங்ஷன் 54' என்று காட்டி நின்றது. அதுமாதிரிச் செய்திகள் அடிக்கடி வந்து பழகிப்போனதால், தொடர்வதற்கான 'பி' விசையை அழுத்தினார்கள். உங்கள் ரீஸ்டார்ட்டும் அந்த 'பி'யும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன.

இதே பிழை அதற்கு முந்தைய தெராக்-20 மாடலிலும் இருந்தது. அதில் மென்பொருளை நம்பாத தனிப் பாதுகாப்புக் கருவிகள் இருந்ததால் யாருக்கும் ஆபத்து வரவில்லை. பிழை இருப்பதும் தெரியவில்லை. லட்சத்தில் ஒன்று என்பது உங்கள் கணினியில், உங்கள் சோதனை வேகத்தில் வந்த கணக்கு. பயன்படுத்துகிறவரின் வேகம் உங்கள் கையில் இல்லை.

மூடிய பக்கை இன்றைக்கே திறந்து, முகம் சுளிக்கிற அந்தப் புதியவரிடம் கொடுங்கள். த்ரெட் சானிடைசர் என்ற சோதனைக் கருவியை ஓட்டினால் பல த்ரெட்டுகள் பகிரும் தகவலை லாக் இல்லாமல் தொடும் இடங்கள் பல வெளியே வரும். டிக்கெட் உதாரணத்தில் இருக்கிற இடைவெளியை அது காட்டாது, அங்கே ஒவ்வொரு தொடலும் லாக்குக்குள்தானே நடக்கிறது. அதை ஓர் ஆள் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துத்தான் பிடிக்கவேண்டும். பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.